வயரை உருவினால் என்ன ஆகும்?

"ஐயோ, அந்த வயரைப் புடுங்காதீங்க!" என்று மென்பொருள் குழுவின் தலைவர் கத்துவதற்குள் அவள் இரண்டாவது திரையின் வயரை உருவிவிட்டாள்.

முதல் திரையின் வரைபடத்தில் ஓடிக்கொண்டிருந்த ஆம்புலன்ஸ் புள்ளிகள் அத்தனையும் அப்படியே உறைந்தன.

சாயங்காலம் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஆள் வருகிறார். அதற்குள், திரையில் ஜன்னலும் பொத்தானும் வரைந்து தரும் டூல்கிட் ஒன்றை முடிவு செய்தாக வேண்டும். அந்த அறையில் விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாம் கலந்து கிடக்கின்றன. ஒரே நிரல் எல்லாவற்றிலும் ஓட வேண்டும். போட்டியில் இருந்தவை இரண்டு: ஒன்று புதியது, ஒன்று பழையது. தலைவர் மாதக்கணக்கில் மாதிரி நிரலை இழைத்தது புதியதில். பட்டுப்போல் வழுக்கியது, ஆனால் அவருடைய விலையுயர்ந்த லேப்டாப்பில் மட்டும். போன வாரம் வேலையில் சேர்ந்த இவளோ, கட்டுப்பாட்டு அறைக்கே போய் அங்கே ஓடும் கிழட்டுக் கணினி ஒன்றைத் தூக்கி வந்து அதில் சோதிக்கிறாள்.

"மச்சான் முகத்தப் பாருங்க. ஐஸ்கிரீம கீழ போட்ட குழந்த மாதிரி!" என்றான் டிசைனர். தலைவரின் தங்கையைக் கட்டியவன், அந்தத் தைரியம்.

"வாய மூட்றா."

அவள் விடவில்லை. கணினியைத் தூங்கவைத்து எழுப்பினாள், பொத்தான்கள் வெளுத்துப்போயின. ஜன்னலைச் சட்டென்று சுருக்கினாள். எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. எங்கே தட்டினால் எது உடையும் என்று அந்த விரல்களுக்குத் தெரிந்திருந்தது. எரிச்சலையும் மீறித் தலைவருக்குப் பிரமிப்பு. இப்படி ஒரு கையை அவர் பார்த்ததில்லை.

அடுத்து பழைய டூல்கிட். இரும்பு பீரோ போல ஒரு சாம்பல் நிறம். வயரைச் செருகி மறுபடி உருவினாள். புள்ளிகள் பாட்டுக்கு நகர்ந்துகொண்டிருந்தன.

தலைவர் நாற்காலியில் சாய்ந்தார்.

"சரி, பழசே இருக்கட்டும். எவனோ ஒருத்தன் நெஞ்சப் புடிச்சுக்கிட்டு விழும்போது இது உறைஞ்சு நின்னா, நம்ம அழகு யாருக்கு வேணும்?" சிறிது தயங்கினார். "ஆனா ஒண்ணு கேக்கட்டுமா மேடம்? அந்தப் புதுசு மேல உங்களுக்கு அப்படி என்ன கோவம்?"

அவள் வயரைத் திரும்பச் செருகவில்லை. புதியதின் ஜன்னலில் இன்னும் உறைந்து நின்ற புள்ளிகளையே பார்த்தாள்.

"கோவமா? அந்த டூல்கிட்டுல ஜன்னல் வரையுற பகுதி முழுக்க நான் எழுதினது சார்."