முட்டைப் பெட்டிக்குள் இரண்டு பல்புகள்

1

கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்கிறேன்: இந்தக் கதையில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பெரியநாயக்கன்பாளையத்தில், பக்கத்து வீட்டு முத்தாத்தாளின் அடைக்கோழியை நாய் தூக்கிப்போன செவ்வாய்க்கிழமை மதியம் இது எனக்குக் கிடைத்தது. முட்டைகளுக்குள் குஞ்சு அசையத் தொடங்கியிருந்தது. சூடு குறைந்தால் போச்சு.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘மின்சாரம் என்பது’ (வேண்டாம், பாடப்புத்தக வாடை.)

முத்தாத்தாளின் கணவர் கந்தப்பன் முட்டைகளைத் தெர்மாகோல் பெட்டியில் அடுக்கி, சூட்டுக்கு ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டார். போதாதென்று இன்னொன்றும் சேர்த்தார். சொட்டுநீர்க் குழாயை ஒன்றின் நுனியில் ஒன்றாகச் செருகிப் பழகிய கை. முதல் பல்பின் வாலிலேயே இரண்டாவதைக் கோத்துவிட்டார். ஸ்விட்சைப் போட்டதும் இரண்டும் தூக்கக் கலக்கத்தோடு சிவந்து, அதோடு நின்றுவிட்டன.

“ஏனுங்க, ஒண்ணு எரிஞ்சப்ப இருந்த சூடுகூட இல்லீங்களே,” என்றாள் முத்தாத்தாள், பெட்டிக்குள் கையை விட்டு.

“ரெண்டு எரியுதல்ல புள்ள. உன்ற கை மரத்துப்போயிருக்கும்.”

“என்ற கை மரத்துப்போனா நீங்க மூணு வேளை தின்ன முடியுங்களா?”

3

நான் பெட்டியில் காதை வைத்தேன். பல்புகள் பேசிக்கொண்டிருந்தன.

“நீங்க எரிங்க.”

“அட, நீங்க மொதல்ல எரிங்க. நான் அப்புறம் பாத்துக்கறனுங்க.”

கோயமுத்தூர் பல்புகள். வந்த வோல்ட்டேஜை ஆளுக்குப் பாதியாக விட்டுக்கொடுத்துவிட்டு, கரண்டும் பாதியாகிப்போக, ஆளுக்குக் கால்வாசிச் சூட்டில் தொங்கிக்கொண்டிருந்தன.

(அடிக்குறிப்பு: கரண்ட் ஓடுகிறது என்கிறோம். நம் வீட்டு வயரில் வருவது நொடிக்கு நொடி திசை மாறும் ஏ.சி.; அது எங்கும் ஓடுவதில்லை. தூளிப் பிள்ளை போல இருந்த இடத்திலேயே ஆடுகிறது. சூடு மட்டும் வந்து சேர்ந்துவிடுகிறது. இதை நினைத்தாலே எனக்குக் கண் செருகும்.)

கேட்டதைச் சொன்னேன். முத்தாத்தாள் சிரிக்கவில்லை.

“ஒரே எலையில ரெண்டு விருந்தாளிய உக்கார வெச்சா அப்படித்தானுங்க. ஆளுக்கொரு எலை போடுங்க.”

கந்தப்பன் வயரைப் பிரித்து, பிளக்கிலிருந்தே ஒவ்வொரு பல்புக்கும் தனித்தனியாக இழுத்தார். பெட்டிக்குள் பழுத்த பப்பாளி நிறத்தில் வெளிச்சம் நிறைந்தது. மீட்டரின் சிவப்புப் புள்ளி படபடவென்று கண் சிமிட்டியது.

4

எல்லாம் பொரிந்தன என்று எழுதினேன், அடித்தேன். ஒன்றும் பொரியவில்லை என்று எழுத முத்தாத்தாள் விடவில்லை.

“எழுதுங்கண்ணா. அப்புறம் மோர் கேட்டு இந்தப் பக்கம் வாரீங்களான்னு பாக்கறேன்.”

ஆகவே பெட்டியை உங்களிடம் தருகிறேன். கையை விட்டுப் பாருங்கள். ஒரு முட்டையின் ஓட்டில், உள்ளிருந்து, மெல்ல…

கற்பூரத்தை அணைத்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: அந்தச் செவ்வாய்க்கிழமை, பராமரிப்புப் பணிக்காக எங்கள் பகுதியில் காலை முதல் மாலை வரை கரண்ட் இல்லை.