அனுப்புநர்: மீராசாகிபு

'பு'வில் முதலில் போனது உகரம்தான். ஸுல்பா அழிக்கும் விசையை ஒருதரம் அழுத்தியதும் 'மீராசாகிபு' 'மீராசாகிப' ஆனது. இன்னொருதரம் அழுத்தினால்தான் 'ப'வும் போகும். கம்ப்யூட்டர் தமிழை முழு எழுத்தாக அழிக்காது, உரித்து உரித்துத்தான் அழிக்கும் என்பது அவளுக்குத் தெரியாத சங்கதியல்ல. வவுனியாவில் பன்னிரண்டு வருஷமாகக் கம்ப்யூட்டர் வேலைதான் அவளுடைய தொழில். ஆனால் பக்கத்து அறையில் வாப்பாவைக் கிடத்திவிட்டு, குசினி மேசையில் இருந்து அவருடைய பெயரை அழிப்பது வேறு வேலையாக இருந்தது.

"முடிஞ்சுதோ?" என்று வாசலில் நின்று கேட்டான் அவளுடைய மூத்த நானா முன்ஸிர். வாப்பாவைப் போர்த்தக் கபன் துணி எடுக்க முள்ளியவளைக்கு வெளிக்கிட்டு, மோட்டார் சைக்கிள் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"என்ன பேர் போட?"

"பள்ளி நிருவாகம் எண்டு போடு. மௌத்தான மனுசன் தன்ர மௌத்தைத் தானே அறிவிக்கிறதோ? சனம் என்ன கதைக்கும்?"

அவன் சொன்னதிலும் ஞாயம் இருந்தது. அவள் 'பள்ளிவாசல் நிருவாகம்' என்று அடித்துச் சேமித்தாள். விடியச் சுபஹுக்கு வாப்பா மௌத்து, பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸா என்று நாலு வரி எழுதி அனுப்பினாள். அப்போது காலை ஏழே முக்கால். முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு மெயில் போய்ச் சேர்ந்தது என்று திரை சொன்னது.

அந்த முந்நூற்றுப் பன்னிரண்டும் வாப்பாவின் தேட்டம். தொண்ணூறில் யுத்தத்தில் விரட்டப்பட்டு ஊரைவிட்டு வெளிக்கிட்ட சனத்தில் திரும்பி வந்து குடியிருந்தது கொஞ்சப் பேர்தான். மிச்சம் புத்தளத்திலும் வவுனியாவிலும் கட்டாரிலும் வேர்விட்டுப் போனது. திரும்பி வந்த வருஷம் ஊரில் நடந்த முதல் ஜனாஸாவுக்குப் பதினொரு ஆம்பிளைகள்தான் இருந்தார்கள். மையத்துக்குப் பின்னால் மூன்று வரிசையாவது நின்று தொழவேண்டும் என்பது வழக்கம். பதினொரு பேரை முன்னுக்கு நாலு, நடுவில் நாலு, பின்னுக்கு மூன்று என்று பிரித்து நிறுத்தினார் தொழுகை நடத்திய ஆலிம்சா. வாப்பா அன்றைக்கு வீட்டுக்கு வந்து சோறு தின்னவில்லை.

"பிரிச்சு நிப்பாட்டினம் மகள்," என்றார். "ஒரு ஊர்ச் சனம். பிரிச்சு நிப்பாட்டினம்."

அதற்குப் பிறகுதான் ஸுல்பா ஊருக்கென்று ஒரு சின்ன இணையத்தளம் செய்து கொடுத்தாள். வாப்பா அதில் தலைப்பையும் சேதியையும் அடித்துப் பொத்தானை அழுத்தினால், எங்கோ இருக்கிற சேர்வர் எல்லோருக்கும் மெயிலாக அனுப்பிவிடும். அவசரத்தில் அவள் ஒன்றை மறந்துபோனாள். அனுப்புகிறவர் பெயர் என்ற பெட்டியை வெறுமையாக விட்டுவிட்டாள். பெயர் இல்லாவிட்டால் சேர்வர் சும்மா இருக்காது, தன் பெயரையே போட்டுக்கொள்ளும். அதனுடைய பெயர் 'றூட்'.

அந்த நாட்களில் வன்னி முழுக்க வெள்ளைக்காரர்கள் ஜீப்பில் வந்து வீட்டுத்திட்டத்துக்குப் பேர் எழுதிக்கொண்டு திரிந்தார்கள். றூட் என்றொருவர் மெயில் அனுப்பினால் சனம் வேறு என்னதான் நினைக்கும்? இரண்டு நாளில் பதில்கள் வந்து குவிந்தன. 'மதிப்புக்குரிய றூட் ஐயா அவர்களுக்கு, எனக்குக் கூரைக்குப் போட இன்னும் தறப்பாள்கூடக் கிடைக்கவில்லை' என்று ஒன்று. 'றூட் துரை அவர்கள் எப்போது எமது கிராமத்துக்கு விஜயம் செய்வீர்கள்' என்று இன்னொன்று. கற்பிட்டியில் ஒரு பெரியவர் குடும்ப அட்டையைப் படமெடுத்தே அனுப்பியிருந்தார்.

"ஆர் மகள் இந்த றூட்?" என்று கேட்டார் வாப்பா. அவள் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அது சேர்வரின் பெயர் என்றாள்.

"சேர்வர் கூப்பிட்டா ஒருத்தன் வருவானோ? காயிதத்தில மனுசன்ர பேர் இருக்கவேணும். என்ர பேரைப் போடு."

போட்டாள். அன்றிலிருந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஊரின் நல்லது கெட்டது எல்லாம் மீராசாகிபு என்ற பெயரில்தான் போனது. ஊரின் வாட்ஸ்அப் குழு சண்டை பிடித்து மூன்றாக உடைந்து, மூன்றிலும் ஆளை ஆள் வெளியேற்றிக்கொண்டிருந்தபோதும் மெயில் மட்டும் எல்லோருக்கும் போனது. ஒவ்வொன்றுக்கும் முதலில் பதில் எழுதுகிறவர் நெடுங்கேணித் தில்லைநாதன். வாப்பாவோடு ஒன்றாகப் படித்தவர், பென்சன் எடுத்த போஸ்ட்மாஸ்டர். தன்னையும் பட்டியலில் சேர்க்கச் சொல்லி அடம்பிடித்துச் சேர்ந்தவர். தபால் கந்தோர்ப் பழக்கம் விடாது, கால் மணித்தியாலத்துக்குள் 'காயிதம் கிடைத்தது, மீரா' என்று ஒரு வரி வந்துவிடும். ஜனாஸா என்றால் 'வாறன்' என்று ஒரு சொல் கூட இருக்கும். வாப்பாவை மீரா என்று கூப்பிடுகிற ஆள் உலகத்தில் அவர் ஒருவர்தான்.

ஒன்பதே கால் ஆகியும் இன்றைக்கு அந்த வரி வரவில்லை. ஒரு வரியும் வரவில்லை. அறைக்குள் பெண்கள் யாஸீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். நெல்லு அரிவுவெட்டு நாள், ஊர் ஆம்பிளைகளில் பாதிப் பேர் மாங்குளப் பக்கம் மிசினோடு போயிருந்தார்கள். ஸுல்பா மணிக்கூட்டைப் பார்த்தாள். புத்தளத்தில் இருந்து வான் வர ஐந்து மணித்தியாலம் வேண்டும். பத்து மணிக்குள் வெளிக்கிடாவிட்டால் அஸருக்கு வந்துசேர முடியாது. பெண் என்றபடியால் அவள் மையவாடிக்குப் போக முடியாது, மையத்தைச் சுமக்கும் சந்தூக்குக்குத் தோள் கொடுக்க முடியாது. வாப்பாவுக்குப் பின்னால் ஆட்களைக் கொண்டுவந்து நிறுத்துவது ஒன்றுதான் அவளுடைய கையில் இருந்தது.

புத்தளத்தில் இருந்த மாமி மகள் ஸாஜிதாவுக்குப் போன் எடுத்தாள். "மச்சி, வெளிக்கிட்டிட்டீங்களோ?"

"எங்க?"

"மெயில் வரேல்லையோ?"

"பள்ளி நிருவாகம் எண்டு என்னவோ வந்து கிடக்கு. கூட்டத்துக்குக் கூப்பிடுறாங்கள் எண்டு நான் திறக்கேல்ல. ஏன் மச்சி, என்ன?"

அவள் சொன்னாள். மற்றப் பக்கத்தில் அழுகை எழும்பியது. அதைக் கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. போனை வைத்துவிட்டு அனுப்புகிறவர் பெயர்ப் பெட்டியைத் திறந்து, நிருவாகத்தை ஒரே பிடியில் அழித்தாள். மீராசாகிபு என்று அடித்தாள். நானாவைக் கேட்கவில்லை. கேட்டால் அவன் யோசிப்பான், அவன் யோசித்து முடிய பத்து மணி ஆகிவிடும்.

'ஜனாஸா அறிவித்தல்' என்ற தலைப்பை வாப்பா போடுகிற மாதிரியே போட்டாள். கீழே, காலையில் எழுதிய நாலு வரிக்கும் முன்னால், எழுதினாள்: 'இது மகள் ஸுல்பா. வாப்பாவின் பேரில்தான் அனுப்புகிறேன். இந்த முறை மௌத்தானது வாப்பா.'

அனுப்பிவிட்டு நிமிர்ந்தபோது உம்மா ஸுஹறா குசினிக்குள் வந்து நின்றாள். அழுது அழுது முகம் வீங்கிக் கிடந்தது.

"ஆர்ர பேரில போட்டாய்?"

"வாப்பாட பேரில."

உம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அப்ப வருவினம்," என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனாள்.

இரண்டு நிமிஷத்தில் முதல் போன் வந்தது. பிறகு போன் ஓயவேயில்லை. "மீராசாகிபு நானாட பேரைப் பாத்திட்டு ஆர் மௌத்து எண்டு திறந்தன் பிள்ளை..." என்று தொடங்கி, அதற்கு மேல் சொல்ல முடியாமல் வைத்துவிட்டவர்கள்தான் அதிகம். கபன் துணியோடு திரும்பி வந்த முன்ஸிர் தன்னுடைய போனைப் பார்த்தான். தங்கச்சியைப் பார்த்தான். திட்டப்போகிறான் என்று அவள் காத்திருந்தாள். அவன் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, குளிப்பாட்டத் தண்ணீர் அள்ளப் போனான்.

மூன்று மணிக்குப் புத்தளத்து வான்கள் வந்தன. பிறகு வவுனியாவில் இருந்து ஒரு பஸ் நிறையச் சனம். பெண்கள் உள்ளே வந்து ஸுல்பாவைக் கட்டிப்பிடித்தார்கள். சந்தூக்கு படலையைத் தாண்டியபோது அவள் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தோள் மாற்றி மாற்றி அது போய்க்கொண்டிருந்தது. இத்தனை தோளுக்குள் வாப்பா கண்ணுக்குத் தெரியாமலே போய்விட்டார் என்று நினைத்தவுடன்தான், காலையில் இருந்து வராத அழுகை அவளுக்கு வந்தது.

பொழுதுசாயுமுன் முன்ஸிர் திரும்பி வந்தான். முழங்கால்வரை மண். கிணற்றடியில் கால் கழுவிவிட்டுக் குசினிக் கதிரையில் இருந்தான். அவள் பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தாள்.

"எத்தினை வரிசை நானா?"

கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான்.

"உள்ளுக்க இடம் காணேல்ல," என்றான். "வாசலிலயும் நிண்டு, றோட்டிலயும் நிண்டவங்கள். போஸ்ட்மாஸ்டர் தில்லைநாதன் குடையைப் பிடிச்சுக்கொண்டு மதிலோட நிண்டார். முடியுமட்டும் நிண்டார்." ஒரு மிடறு குடித்தான். "பிரிச்சு நிப்பாட்ட வேண்டி வரேல்ல."

அவன் மேசையில் கிடந்த கம்ப்யூட்டரைக் கண்ணால் காட்டினான்.

"பேர்?"

"இன்னும் மாத்தேல்ல. மாத்தட்டோ?"

"கிடக்கட்டும்," என்று எழும்பிப் பள்ளிக்குப் போனான்.

பதில்கள் எல்லாம் வாப்பாவின் பெட்டிக்குத்தான் வந்திருந்தன. அவள் கம்ப்யூட்டரைத் திறந்து ஒவ்வொன்றாக வாசித்தாள். மகளுக்கென்று எழுதியவர்கள் பாதி. மிச்சப் பேர் பெயரைக் கண்டதும் பழைய பழக்கத்தில் அவருக்கே எழுதியிருந்தார்கள். 'நானா, பஸ்ஸில இருக்கிறன்.' 'மதவாச்சி தாண்டிட்டம்.' கடைசியாக, அடியில், காலை ஒன்பது நாற்பத்தாறுக்கு வந்த ஒன்று இன்னும் திறக்காமல் தடித்த எழுத்தில் கிடந்தது. திறக்கத் தேவையுமில்லை, முழுதும் வெளியிலேயே தெரிந்தது.

'காயிதம் கிடைத்தது, மீரா. வாறன்.'

அவள் அதை மட்டும் திறக்காமல் விட்டாள். கம்ப்யூட்டரை மூடி, வாப்பாவின் கண்ணாடிக்குப் பக்கத்தில் அலுமாரியில் வைத்தாள்.