அழுத்தாமல் இறங்கும் சில்லு

1

இந்தக் கதை கட்டுரையாகப் பிறந்தது. ஒரு பத்திரிகைக்காக, கம்ப்யூட்டரின் மூளையான பிராசசரை மதர்போர்டில் பொருத்தும் இரண்டு முறைகளை ஒப்பிட்டு எழுதச் சொன்னார்கள். விவரம் கேட்க அக்கா வீட்டுக்குப் போனேன். கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பதுதான் அவள் தொழில். பார்வை போனதிலிருந்து கடை பூட்டிக் கிடக்கிறது. அன்று அவள் சாப்பாட்டு மேஜையில் நடந்ததைப் பார்த்த பிறகு என்னால் கட்டுரை எழுத முடியவில்லை.

முதல் தொடக்கம்: “ஸ்லாட் என்பது நீளமான பிளவு. சாக்கெட் என்பது சதுரமான ஒரு...”

(விட்டுவிட்டேன். இதில் அக்கா இல்லை.)

இரண்டாவது தொடக்கம்: “இருள் சூழ்ந்த அவள் உலகில், விரல்நுனிகளே விளக்காகி...”

(இதையும்தான். வாசித்துக் காட்டினால் சிரித்தே கொன்றுவிடுவாள்.)

2

நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது செயற்கைக்கால் செய்கிறவர் ஒரு பழைய கம்ப்யூட்டரைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு வந்தார். அவர் பட்டறையில் காலின் அச்சைக் கடையும் இயந்திரத்தை இதுதான் ஓட்டுகிறது. அந்த இயந்திரத்தோடு இதை இணைக்கும் பழைய கார்டு புதிய கம்ப்யூட்டர் எதிலும் பொருந்தாது. இதைச் சேர்த்துக் கொடுத்தவளே அக்காதான். போகாத இடமில்லை, எல்லோரும் தூக்கிப் போடச் சொல்கிறார்கள் என்றார். காலுக்கு அளவு கொடுத்துவிட்டு ஒரு பெண் காத்திருக்கிறாளாம், வேலைக்குத் திரும்ப வேண்டுமாம்.

அக்கா கேட்டது ஒன்றுதான்: “என் கண்ணு விஷயம் தெரியும்ல?”

“தெரியும். அதான் முதல்ல உங்ககிட்ட வராம மத்தவங்ககிட்ட போனேன். தப்புதான்.”

அவள் மேஜையைத் துடைக்கச் சொன்னாள்.

3

அதில் இருந்தது ஸ்லாட் வகை. பிராசசர் ஒரு கெட்டி பிளாஸ்டிக் அட்டைக்குள் இருக்கும். அலமாரியில் புத்தகம் சொருகுவது போல நிமிர்த்திச் சொருகி, ‘டக்’கென்று சத்தம் வரும்வரை அழுத்த வேண்டும். திருப்பிப் போட முடியாது. நடுவில் இருக்கும் தடுப்பு விடாது. கண் இல்லாதவருக்கு இதுதான் வசதி என்று நினைத்தேன். கட்டுரைக்கான குறிப்பில் அப்படி எழுதியும் வைத்திருந்தேன்.

அக்கா அட்டையை உருவி மோந்து பார்த்தாள். கருகிவிட்டது என்றாள். மாற்று அட்டை இப்போது எங்கும் கிடைக்காது. ஆனால் அவள் பெட்டியில் ஓர் இடைப்பலகை இருந்தது. ஸ்லாட்டில் சொருகக்கூடியது, அதன் முதுகில் ஒரு சாக்கெட். அதில் உட்காரும் பிராசசர் சில்லு ஒன்றும் இருந்தது.

சில்லை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். பெரிய தபால்தலை அளவு. அடியில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட ஊசிகள், தலைமுடிபோல. ஒன்று மடங்கினாலும் போச்சு.

4

(மாமாவைப் பற்றி. அக்காவின் கணவர். முதல் வரைவில் அவரை வில்லனாக்கப் பார்த்தேன், ஏனென்றால் கடையை ஒப்படைக்க ஆள் தேடிக்கொண்டிருப்பவர் அவர்தான். அவர் ஒத்துழைக்கவில்லை. அக்கா வேலையைத் தொடங்கியதும், பழக்கதோஷத்தில் டார்ச்சை எடுத்து வந்து அவள் கைமேல் அடித்துக்கொண்டு நின்றார். “சுடுது, கொஞ்சம் தள்ளிப் பிடிங்க” என்றாள் அவள். அணைக்கச் சொல்லவில்லை. இப்படிப்பட்டவரை எப்படி வில்லனாக்குவது?)

5

நகத்தால் ஊசி வரிசைகளை ஒவ்வொன்றாக வருடினாள். ஓரிடத்தில் நின்றாள். ஒன்று சாய்ந்திருந்தது. முனையில் கரிக்குச்சி இல்லாத மைக்ரோ பென்சில் ஒன்றைக் கேட்டாள். அதன் சின்னக் குழாயை அந்த ஊசியில் மாட்டி, மூச்சுவிடாமல் நிமிர்த்தினாள். எந்தத் திசையில் வைப்பது என்று அறிய, ஊசி இல்லாத மூலைகளைத் தடவிக் கண்டுபிடித்தாள். சாக்கெட்டின் நெம்புகோலைத் தூக்கினாள். சில்லை மேலே வைத்தாள்.

பிறகு கையை எடுத்துவிட்டாள்.

சில்லு தானாக இறங்கியது. யாரும் அழுத்தவில்லை. அத்தனை ஊசிகளும் அத்தனை துளைகளுக்குள் சில்லின் எடையாலேயே போய் உட்கார்ந்தன. அந்தச் சத்தத்தை எழுத எனக்கு வார்த்தை இல்லை, இலை உதிர்வது போல...

(வேண்டாம். இலை இல்லை. எதுவும் இல்லை.)

“ஸ்லாட்டுக்கு பலம் வேணும்டி,” என்றாள். “இதுக்கு அது கூடாது. சரியான இடத்துல வெச்சா அதுவே போகும். போகலைன்னா நாமதான் தப்பா வெச்சிருக்கோம்.”

உலகத்தில் மனிதர்கள் இப்படியொன்றைச் செய்து வைத்திருக்கிறார்கள் என்பதும், என் அக்கா அதைக் கேட்டே அறிகிறாள் என்பதும் ஒரே நேரத்தில் எனக்குள் ஏறின.

நெம்புகோலை இறக்கி, சூடு தணிக்கும் விசிறியை அதன்மேல் பூட்டி, பலகையை ஸ்லாட்டில் அழுத்தினாள். டக். சுவிட்சைப் போட்டார் மாமா. ஒரே ஒரு ‘பீப்’. நலம் என்பதற்கான ஒலி அதுதான். கால் செய்கிறவர் திரையில் வந்த எழுத்துகளை உரக்க வாசித்தார், பாதியில் நிறுத்தி மறுபடி முதலிலிருந்து வாசித்தார்.

6

கால் செய்கிறவர் போன பிறகு அக்கா மாமா பக்கம் கையை நீட்டினாள். “கடைச் சாவியைக் குடுங்க.”

முடிவு ஒன்று: கொடுக்கிறார். (நான் விரும்பியது.)

முடிவு இரண்டு: காலையிலேயே வேறொருவரிடம் கொடுத்துவிட்டதாகச் சொல்கிறார், அவள் “சரி, இந்த மேஜை போதும்” என்கிறாள். (இது கதைக்கு நல்லது.)

மாமா என்ன செய்தார் என்பது எனக்குத் தெரியும். நான் அங்கேதான் இருந்தேன். ஆனால் இந்த இடத்தில் எதை எழுதினாலும் நான் அழுத்துவதாகத்தான் இருக்கிறது. அதனால் நிறுத்திக்கொள்கிறேன். அவள் கை உங்கள் முன்னால் நீட்டியபடியே இருக்கிறது. வைக்க வேண்டியதை வைத்துவிட்டு, உங்கள் கையை எடுத்துவிடுங்கள்.