வெளித்தையல்

"சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கே கண்ணு," என்றாள் நர்ஸ்.

"அப்பா தைச்சதே அப்படித்தான். தையல் உள்ள இருந்தா உரசி எனக்குக் கொப்புளம் வரும்," என்றாள் ஆறு வயதுக்காரி, இதுகூடத் தெரியாதவளை யார் வேலைக்கு எடுத்தது என்பதுபோல.

பிறந்ததிலிருந்தே அவளுக்கு உரசிய இடமெல்லாம் உரியும். தினமும் காலையில் அம்மா புது ஊசி பிரித்துக் கொப்புளங்களைக் குத்தி, நீரை வடித்து, ஒட்டாத துணி சுற்றுவாள். அப்பா சீருடைப் பட்டறையில் தையல்காரர். மகளுக்கு அவர் தைப்பதெல்லாம் வெளித்தையல்.

இப்போது அம்மாவுக்கு மூன்று மாதம். வயிற்றில் இருப்பதற்கும் இதுதானா என்று ஊசி குத்திச் செய்த சோதனையின் முடிவைக் கேட்க வந்திருந்தார்கள். கூடவே தையல்காரரின் அக்காவும், யாரும் கூப்பிடாமலே. குழந்தையை நர்ஸிடம் விட்டுவிட்டு மூவரும் உள்ளே போனார்கள்.

"தோலோட மேலடுக்கையும் கீழடுக்கையும் பிடிச்சு வைக்க ஒரு இழை உண்டு. உங்க பொண்ணு உடம்புல அது உருவாகலை," என்றார் டாக்டர். "அதை உருவாக்கற மரபணு எல்லாருக்கும் ரெண்டு. அப்பாகிட்டேருந்து ஒண்ணு, அம்மாகிட்டேருந்து ஒண்ணு. ஒண்ணு நல்லா இருந்தாப் போதும். இவளுக்கு ரெண்டுமே பழுது."

"அடிநூல் இல்லாமத் தைச்ச மாதிரி," என்றார் தையல்காரர். "மேல பார்த்தாத் தையல் இருக்கும். இழுத்தா கையோட வந்துடும்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "ஆமா. அதேதான்."

"எங்க வழியில வந்ததில்லைன்னு இவன்கிட்ட சொல்லுங்க டாக்டர். எங்க வீட்ல ஒருத்தருக்கும் தேமல்கூடக் கிடையாது," என்றாள் அக்கா.

"ரெண்டு பக்கமும் வந்தாத்தாம்மா இந்த வியாதி. இதுல எங்க கண்ணுக்குக் கிடைச்சது உங்க தம்பியோட பழுது மட்டும்தான். இந்தம்மாவோடது எங்கே இருக்குன்னே பிடிபடலை."

அக்கா கைப்பையைத் திறந்தாள். எதையும் எடுக்காமல் மூடினாள்.

"விடுங்க அண்ணி. என்கிட்டயும் இருக்குன்னுதானே சொல்றாங்க," என்றாள் அம்மா. பிறகு டாக்டரிடம், "வயித்துல இருக்கிறதுக்கு?"

"அப்பாவோட பழுது வந்திருக்கு. உங்களோடது வந்திருக்கான்னு சொல்ல முடியலை. உங்க மரபணு ரெண்டும் நாங்க பார்க்கிற இடத்துல எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. எது நல்லது, எது பழுதுன்னு பிரிக்க வழியில்லை."

"வேற எங்கேயாவது அனுப்பிப் பார்த்தா?" என்றார் தையல்காரர்.

"அனுப்பியாச்சு. அவங்களும் இதைத்தான் சொல்றாங்க."

"சோதனைக்கு முன்னாடி நாலுல ஒண்ணுக்கு வரலாம்னீங்க."

"இப்ப ரெண்டுல ஒண்ணு."

"இதுக்கு ஊசியே குத்தாம இருந்திருக்கலாமே," என்றாள் அக்கா.

"வச்சுக்கிறதா வேண்டாமான்னு ரெண்டு வாரத்துக்குள்ள சொல்லுங்க," என்றார் டாக்டர்.

"நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?" என்றாள் அம்மா.

டாக்டர் சோதனை முடிவுக் காகிதத்தை மடித்து அவள் பக்கம் நகர்த்தினார்.

பதின்மூன்றாம் நாள் மத்தியானம். அன்று காலையில் மட்டும் மகளுக்குப் பதினோரு கொப்புளம். கணவனும் மனைவியும் இத்தனை நாளும் காய்கறியைப் பற்றியும் வெயிலைப் பற்றியும்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

தையல்காரர் வீட்டு மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். பட்டறையிலிருந்து கொண்டுவந்த சீருடைத் துண்டுகளுக்கு நடுவில் உள்ளங்கை அகல வெள்ளைத் துணி இரண்டு.

"அது யாருக்கு வெட்டினது?" என்றாள் அம்மா.

"கை சும்மா இருக்கலை."

"நாளைக்கு டாக்டருக்குச் சொல்லணுமே."

"நீ சொல்லு. நான் கேட்டுக்கறேன்."

"நல்லாத்தான் இருக்கு. நீங்க சொல்லுவீங்கன்னு நானில்ல காத்துட்டிருக்கேன்."

பட்டறைப் பழக்கத்தில் அவர் துணியின் நல்ல பக்கங்களை உட்புறமாகச் சேர்த்துப் பிடித்திருந்தார். மகள் வந்து எட்டிப் பார்த்தாள்.

"பாப்பாவுக்கா? தப்பாப் பிடிச்சிருக்கீங்கப்பா. இப்படித் தைச்சா தையல் உள்ள போயிடும்."

அவர் மனைவியைப் பார்த்தார்.

"அவ சொல்ற மாதிரியே தைங்க," என்றாள்.

"அப்ப... வச்சுக்கலாமா?"

"தெரியலைங்க. வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரலை. அவ்வளவுதான்."

"பொறந்து, இவளை மாதிரியே..."

"சொல்லாதீங்க. நிக்கிறா."

மகள் துணிகளைப் பிடுங்கி, திருப்பி அடுக்கி, அவர் கையில் வைத்தாள். அவர் மிதியில் காலை வைத்தார். மிதிக்கவில்லை. குனிந்து பாபினைக் கழற்றி, அடிநூல் இருக்கிறதா என்று பார்த்தார். நிறைய இருந்தது. மாட்டினார். மறுபடியும் கழற்றிப் பார்த்தார்.