வைரத்தைக் கீறிய மாவு

மாப்பிள்ளையை அந்த ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் டாக்டர் என்பார்கள். விரலில் ரத்தம் வந்தால் துணி சுற்றத் தெரியாத டாக்டர். அவருக்குக் கீழேதான் மாமனார் அழுத்த எந்திரம் ஓட்டினார். ஆறு பக்கமும் ஆறு உலோகக் கட்டைகள் வந்து, பட்டாணி அளவு குப்பியை நெரிக்கும் எந்திரம்.

குப்பிக்குள் வெள்ளை மாவு. வெறுமனே சுட்டால் பாதி வாயுவாய்ப் பறந்து மீதி கரியாகும். வெறுமனே அழுத்தினால் மாவாகவே இறுகிக் கிடக்கும். நெரித்த பிடியை விடாமல் சுட்டால், தப்ப வழியில்லாமல் வைரத்தையே கீறும் கல்லாகும் என்று மாப்பிள்ளை எழுதியிருந்தார். எழுதுகிறவர்களுக்கென்ன. போன மாதம் ஒரு துணுக்கு வைரத் தகட்டைக் கீறவும் செய்தது. இன்று அதைச் சரிபார்க்க மேலிடத்துக் குழு வருகிறது. அவர்கள் கண்முன் இன்னொன்று கீறினால் மாப்பிள்ளைதான் கூடத்துக்கே தலைவர். கீறாவிட்டால் பிரிவுக்கு மூடுவிழா.

காலையில் கட்டைகளைத் துடைக்கும்போதுதான் மாமனாருக்கு உறைத்தது. கட்டைக்கு மெருகேற்றும் பசையில் வைரப்பொடி உண்டு. போன மாதம் அதே துணியால் குப்பியின் உட்புறத்தையும் துடைத்துவிட்டிருந்தார். கீறியது மாவு இல்லை, பசை.

நேரே மாப்பிள்ளையின் அறைக்குப் போனார்.

"மாப்பிள்ளை, ஒரு நிமிஷம். போன தடவ அந்தக் குப்பியில..."

பக்கத்தில் ஆராய்ச்சி மாணவிகள் இரண்டு பேர்.

"ஆபரேட்டர்," என்றார் மாப்பிள்ளை. வீட்டில் மட்டும் வாய் நிறைய மாமா. "உங்களுக்குக் குமிழைத் திருகத்தான் சம்பளம். உள்ள என்ன நடக்குதுன்னு யோசிக்க நாங்க இருக்கோம்."

மாணவிகள் சிரித்தார்கள்.

"சரிங்க டாக்டர்."

திரும்பி வந்து புதுத் துணி எடுத்தார். கட்டைகளையும் குப்பியையும் துடைத்துத் துடைத்து, பசையில் ஒரு பொடி மிச்சம் வைக்கவில்லை.

மூன்று மணிக்குக் குழுவின் முன்னால் குப்பியை உடைத்தார்கள். கறுப்பாக ஒன்று விழுந்தது. மாப்பிள்ளை அதை வைரத் தகட்டில் தேய்த்தார். பென்சில் கோடு மாதிரி விழுந்தது. குழுத் தலைவி விரலால் துடைத்தார். போய்விட்டது.

"ஆபரேட்டர் அழுத்தம் ஏறுறதுக்கு முன்னாடியே சூடு வச்சிருப்பார் மேடம். வயசாயிடுச்சு."

மாமனார் எந்திரம் வரைந்த தாளைக் கிழித்து நீட்டினார். அழுத்தக் கோடு முதலில் ஏறியிருந்தது. சூட்டுக் கோடு அதற்கப்புறம்தான்.

"அப்போ போன மாசம் எப்படிக் கீறிச்சு?" என்றார் தலைவி.

மாப்பிள்ளை கறுப்புத் துண்டை மறுபடி தகட்டில் தேய்க்கப் போனார்.

"அது எனக்குத் தெரியும்மா," என்றார் மாமனார். பசை, துணி, குப்பி, ஒன்றையும் விடாமல் சொன்னார். "காலையிலயே சொல்லப் போனேன். காது குடுக்கல."

தலைவி நோட்டை மூடினார். பிரிவும் அதோடு மூடிற்று, மாமனாரின் வேலையையும் சேர்த்து. அது அவரை உறுத்தவில்லை.

குழு போனதும் மாப்பிள்ளையின் போன் அடித்தது. மாமனாரின் மகள். ஆறு மாதக் கர்ப்பிணி. மாப்பிள்ளை எடுக்காமல் போனை மாமனாரிடம் நீட்டினார்.

"மாமா, நீங்க சொல்லுங்களேன்."

மாமனார் கட்டைகளுக்கு நடுவே கையை விட்டுக் கரியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"கையெல்லாம் கரி மாப்பிள்ளை. நீங்களே சொல்லுங்க."