துணி காயும் மைதானம்

கிழக்கு வெளுக்கும் முன்பே வெள்ளாவி அண்டாவின் அடியில் தீ பிடித்துக்கொண்டது. சோடாவும் சோப்பும் கலந்த ஆவி மூக்கைத் துளைத்தது. பல்கலைக்கழக விடுதிகளின் படுக்கை விரிப்புகள் அண்டாவுக்குள் உப்பி எழுந்தன. அதட்டலக்காவின் மருமகள் நீண்ட கழியால் அவற்றை அமுக்கி அமுக்கிப் புரட்டினாள். சற்றுத் தள்ளி இரண்டு பெண்கள் ஒரு விரிப்பை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து முறுக்கினார்கள். எல்லாம் சோடா தின்ற விரல்கள். குளிரில் வெடிக்கும், வெயிலில் எரியும். படிக்கிற பிள்ளைகள் வெள்ளை விரிப்பில் புரண்டு தூங்க இந்த விரல்கள் தேய வேண்டியிருக்கிறது என்பதை எந்தப் பாடத்திலும் சொல்லித்தர மாட்டார்கள்.

அன்றைக்கு அதட்டலக்காவின் சத்தத்தை மட்டும் காணோம். சலவைக்கூடத்தின் மூத்தவள் அவள். தீ தணிந்தால் அதட்டுவாள், எரிந்தால் ஏன் இப்படி எரிகிறது என்று அதட்டுவாள். விடுதித் துணியை ஏற்றிவரும் ஒப்பந்தக்காரனே அவள் முன்னால் கொஞ்சம் அடக்கித்தான் வாசிப்பான். அப்படிப்பட்டவள் துவைகல்லின் மேல் உட்கார்ந்து, அணைந்துபோன கொள்ளிக்கட்டை மாதிரி மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காரணம் அவளுடைய கொழுந்தன் கொண்டுவந்த செய்தி. அவன் இஸ்திரி போடுகிறவன். முந்தின நாள் பல்கலைக்கழக மண்டபத்துக்குத் திரைச்சீலைகளைக் கொடுக்கப் போனபோது, விரிவாக்கத் திட்டத்தின் மாதிரியை மேசைமேல் வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு ஓடிவந்தான்.

"அண்ணி, அட்டையிலயே ஊரைச் செஞ்சு வச்சிருக்காங்க. நூலகம் இருக்கு, நீச்சல்குளம் இருக்கு, நாயைக் கூட்டிட்டு நடக்க ஒரு பாதைகூட இருக்கு. நம்ம மைதானம் மட்டும் புல்லு. நம்ம வீட்டு வரிசையும் புல்லு. மேல ஒரு சீட்டு ஒட்டியிருக்கான், 'பயன்பாட்டில் இல்லாத காலியிடம்'னு. நாய்கிட்டக்கூட கருத்துக் கேட்டிருப்பான் போல, நம்மளத்தான் கேக்கல."

ஆனால் கேட்டிருந்தார்கள். அதுதான் வயிற்றெரிச்சல்.

போன மாதம், பல்கலைக்கழகத்தைச் சுற்றி இருக்கிறவர்களின் கருத்தைக் கேட்கத் திட்டக் குழு நேரில் வருகிறது என்று சொல்லியனுப்பினார்கள். அதட்டலக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷத்தில் பல்கலைக்கழக மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அழுக்கு மூட்டை வந்திருக்கிறதே தவிர, மனுஷர் யாரும் வந்ததில்லை. வருகிறவர்கள் முன்னால் கறைபட்ட தலையணை உறையும் ஈரத் துணியுமாகவா நிற்பது? அன்றைக்கு வேலையை நிறுத்தினாள். கொடிக்கயிறுகளை அவிழ்க்கச் சொன்னாள். அண்டாக்களைக் கவிழ்த்து, மூட்டைகளை வீட்டுக்குள் திணித்து, மைதானத்தைப் பெருக்கித் தண்ணீர் தெளிக்க வைத்தாள். கூப்பிட்டால் ஒழிய யாரும் வெளியே தலைகாட்டக் கூடாது என்று உத்தரவு.

மருமகள் அப்போதே முணுமுணுத்தாள்: "நாம வேலை செய்யறதைப் பாக்கத்தானே வர்றாங்க, அத்தை?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு."

வந்தார்கள். அமைதியான இடம் என்று பாராட்டினார்கள், படம் எடுத்தார்கள், தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள். "ஏதாவது குறை இருக்காம்மா?" என்று கேட்டார்கள். வீட்டுக்கு வந்தவர்களிடம் யாராவது குறை சொல்வார்களா? அதட்டலக்கா வாயெல்லாம் பல்லாக, "ஒரு குறையும் இல்லீங்க" என்றாள்.

பாவி மகள்! அந்த ஒற்றைச் சொல்லில் எல்லோருக்கும் சேர்த்துக் குழி வெட்டினாள். துணி காய இடமில்லை என்றால் சலவை இல்லை. சலவை இல்லை என்றால் அந்த வரிசை வீடுகளில் ஒருவருக்கும் இருக்க வழியில்லை.

"இன்னைக்குக் கடைசிக் கருத்துக் கேட்பு. எல்லாரும் போவோம், அத்தை" என்றாள் மருமகள், கழியை நிறுத்தாமலே.

"அண்டாவை விட்டுட்டா? துணி பழுப்பேறிடும். நான் கெடுத்தது, நானே போய்ச் சரிபண்ணிட்டு வர்றேன். எவளும் கூட வர வேணாம்."

குரலில் பழைய அதட்டல் இல்லை. அதுதான் மருமகளுக்குப் பயமாக இருந்தது.

மண்டபத்தில் குளிர்சாதனம் ஓடியது. முன்வரிசையில் கட்டுமான நிறுவனத்தார், நடுவில் பேராசிரியர்கள், பின்னால் காலி நாற்காலிகள். உணவகத்தில் சமைக்கிற பெண் தேநீர்த் தட்டோடு ஓரமாக நின்றிருந்தாள். அதட்டலக்கா ஈரம் காயாத முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒலிவாங்கிக்கு முன்னால் போய் நின்றாள்.

"சார், அது காலியிடம் இல்ல. நாங்க அங்கதான் இருக்கோம். உங்க விடுதித் துணியெல்லாம் அங்கதான் காயுது."

திட்ட அதிகாரி நல்ல மனிதர் போலத்தான் சிரித்தார். பின்னால் திரையில் ஒரு படம் விழுந்தது. பெருக்கித் தெளித்த மைதானம், நடுவில் பல்லெல்லாம் தெரிய அவளே நிற்கிறாள்.

"நாங்க நேர்ல வந்தோம்மா. இந்தப் படத்துல ஒரு துணி எங்க இருக்கு, காட்டுங்க."

"நீங்க வர்றீங்கன்னு எடுத்து வச்சோம் சார்."

"ஏன் எடுத்தீங்க?"

"வர்றவங்களுக்கு மரியாதை..."

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"குறை இருக்கான்னு கேட்டோம். இல்லைன்னு நீங்கதான் சொன்னீங்க. அங்க இருக்கிறவங்க சார்பா நீங்க சொன்னதைப் பதிவும் பண்ணியாச்சு. இப்ப வந்து மாத்திப் பேசினா எப்படிம்மா?"

"மாத்தித்தான் பேசுறேன் சார்! அன்னைக்கு நான் பேசினது தப்பு. அழுக்கை மறைக்கிறோம்னு நினைச்சு எங்க பொழைப்பையே மறைச்சுட்டேன். எங்க சனங்க யாரையும் நான் கேக்கல. நீங்களும் கேக்கல."

"உங்க உணர்வு புரியுது. ஆனா ஒருத்தர் பேச்சுக்காகத் திட்டத்தை நிறுத்த முடியாது. அடுத்த ஆள்!"

அடுத்த ஆள் என்று அங்கே யாரும் இல்லை. அதட்டலக்கா நகரவில்லை. நகர முடியவில்லை என்பதுதான் உண்மை. இந்த வாசலைத் தாண்டி வெளியே போய், என்ன முகத்தை வைத்துக்கொண்டு அந்த மைதானத்தில் கால் வைப்பது?

அப்போது பின்கதவு திறந்தது. முழங்கைவரை ஈரமும் சோப்புமாக மருமகள் நின்றாள். பின்னால் துணி முறுக்குகிற பெண்கள், கொழுந்தன், கைக்குழந்தையோடு ஒருத்தி, வரிசை வீட்டுச் சனம் மொத்தமும். செருப்பிலிருந்த சேறு பளிங்குத் தரையில் தடம் போட்டது.

அதட்டலக்கா பதறிப்போனாள். "அடியே, அண்டா?"

"இறக்கிட்டோம் அத்தை. தீயையும் அணைச்சாச்சு. இந்த மைதானம் யாருதுன்னு தெரியாம இனி ஒரு விரிப்பும் தண்ணியில விழாது."

ஒப்பந்தக்காரன் எங்கிருந்தோ பாய்ந்து வந்தான். "திமிரா? நாளைக்கே மெஷின் போட்டு வேற ஆளை வச்சுக்குவேன், தெரியும்ல?"

"வையுங்க" என்றான் கொழுந்தன். "ஆனா இன்னைக்கு ராத்திரி விடுதிப் பிள்ளைங்க எதுல படுப்பாங்க? உங்க மெஷினை விரிச்சா?"

இந்தத் தடவை சிரிப்பு நடுவரிசையிலிருந்து வந்தது.

அதிகாரி கையை உயர்த்தினார். "சரி, சரி. எல்லாரும் ஒரே நேரத்துல பேச முடியாது. உங்கள்ல ஒருத்தர் பேசுங்க. யார் பிரதிநிதி?"

சனம் பழக்க தோஷத்தில் அதட்டலக்காவைப் பார்த்தது. எந்த வழக்கானாலும் அவள்தானே வாய். அவளும் ஒலிவாங்கியைப் பிடித்துவிட்டாள். சொல்ல வேண்டியது தொண்டைவரை வந்தது. பிறகு என்ன நினைத்தாளோ, ஒலிவாங்கியை மருமகளின் சோப்புக் கைக்கு நீட்டினாள்.

"ஒருத்தர் பேசித்தான் சார் இந்த நிலைமை. இனிமே பிரதிநிதி கிடையாது. ஒவ்வொருத்தரும் பேசுவோம். வரிசையா நில்லுங்கடி! தள்ளாதீங்க! குழந்தைக்காரியை முன்னால விடுங்க!"

அப்பாடா, சத்தம் திரும்பிவிட்டது. அவள் போய் வரிசையின் கடைசியில் நின்றாள்.

"நேரம் ஒதுக்கலம்மா" என்றார் அதிகாரி. யாரும் அசையவில்லை. மருமகள் ஒலிவாங்கியை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். "நான் விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சுத் தீ மூட்டுறவ" என்று ஆரம்பித்தாள்.

அதிகாரி மூடி வைத்த பேனாவை இன்னும் திறக்கவில்லை. மேசைமேல் அட்டைப் புல் அப்படியேதான் பச்சையாக இருந்தது. தன் முதுகுக்குப் பின்னால் கண்ணாடிக் கோப்பைகள் குலுங்குகிற சத்தம் கேட்டு அதட்டலக்கா திரும்பினாள். உணவகப் பெண் தேநீர்த் தட்டை நாற்காலிமேல் வைத்துவிட்டு அவளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"சமையல்காரங்க குடியிருப்பையும் பூங்கான்னு போட்டிருக்காங்கக்கா" என்றாள். "கொஞ்சம் முன்னால நகருங்க. வாசல்ல தோட்டக்காரங்க நிக்க இடம் இல்லாம நிக்கிறாங்க."