நான்காவது அறை

1

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னைக் குடைய வேண்டாம்.

மலைமேல் ஒரு விடுதி. வரவேற்பு மேசைக்கு முன்னால் என் சாவிக்காகக் காத்து நின்றேன். எனக்கு முன்னால் வேன் நிறைய வந்திறங்கிய ஒரு குடும்பம். மேசைக்குப் பின்னால் இருந்த பெண், "எக்ஸ்ட்ரா பெட் எத்தனை சார்?" என்று கேட்டாள். குடும்பத்தலைவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கட்டைவிரலை மட்டும் தோளுக்குப் பின்னால் காட்டி, "ஒண்ணு போதும். இவ பசங்களோட கீழ படுத்துக்குவா" என்றார். அந்த "இவள்" இரண்டு தண்ணீர் பாட்டில்களையும் யாருடையதோ ஒரு குழந்தையையும் தூக்கிக்கொண்டு நின்றாள். அவள் பார்வை, மேசைக்குப் பின்னால் பலகையில் தொங்கிய சாவிகள்மேல் இருந்தது.

நான் பார்த்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு. அடுத்த முறை மலைக்குப் போகும்போது அந்தப் பெண் தனக்கென்று ஓர் அறை எடுத்தால் என்ன ஆகும்? இதுதான் கதை. 'இதெல்லாம் ஒரு விஷயமா' என்று கேட்கிறவர்கள் இதுவரை தரையில் போட்ட மெத்தையில் படுக்காதவர்கள். அவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்கு வருத்தமில்லை.

2

முதல் தொடக்கம்: மலையின் தோள்மீது வெண்பனி ஒரு சால்வையைப் போல —

(வேண்டாம். மலைக்குச் சால்வை போர்த்தாத எழுத்தாளர் இன்னும் பிறக்கவில்லை.)

இரண்டாம் தொடக்கம்: வளைவுகளில் வேன் ஏற ஏற, அவள் தன் கடந்த காலத்தை மெல்ல —

(பொய். வேன் ஏறும்போது அவள் அண்ணன் மகனின் வாய்க்கு நேராக வாந்திப் பை பிடித்துக்கொண்டிருந்தாள். கடந்த காலத்துக்கு ஏது நேரம்?)

மூன்றாம் தொடக்கம்: அவளுக்கு முப்பத்தொன்பது வயது. வீட்டில் எல்லோரும் இன்னும் அவளைச் சின்னவள் என்றுதான் கூப்பிட்டார்கள்.

இது நிற்கிறது. இதை வைத்துக்கொள்வோம்.

3

சின்னவள் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறாள். "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க" என்று பகல் முழுக்கச் சொல்கிறாள். பெரிய பெரிய ஆட்களெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கிறார்கள். கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை, கேட்கவும் வேண்டாம். அண்ணன் வீட்டில் இருக்கிறாள். ஹாலில், டிவிக்கு எதிரே இருக்கும் திவான்தான் அவள் படுக்கை. கடைசி ஆள் டிவியை அணைத்த பிறகு அவளுக்கு ராத்திரி ஆரம்பிக்கும். முதல் ஆள் பாத்ரூம் போகும்போது விடிந்துவிடும்.*

அண்ணன் எழுதுபொருள் கடை வைத்திருக்கிறார். வருடம் ஒருமுறை இரண்டு நாள் பயணம். அண்ணன் குடும்பம், அக்கா குடும்பம், கூடவே சின்னவள். அண்ணனுக்கு ஓர் அறை, அக்காவுக்கு ஓர் அறை, பிள்ளைகளுக்கு ஓர் அறை; அந்த மூன்றாவதில் தரை மெத்தை சின்னவளுக்கு. மேலே மலை, அடிவாரத்தில் விலங்குகள் சரணாலயம், நடுவில் அருவி. திட்டம் முழுக்க அண்ணனுடையது. அவர் கை நீட்டும் பக்கம் எல்லோரும் பார்த்தாக வேண்டும். பனி மூடி எதிரே ஒன்றும் தெரியாதபோதும், "அதோ, அந்தப் பக்கம்தான் அணை" என்பார். எல்லோரும் வெள்ளையைப் பார்த்துத் தலையாட்டுவார்கள்.

சரணாலயத்தில் ஒரு விதி உண்டு. ஐந்து வயது ஆகாத குழந்தைகளை ஜீப்பில் ஏற்ற மாட்டார்கள். இந்தக் குடும்பத்திலோ ஐந்து வயது ஆகாத குழந்தை ஒன்று எப்போதும் இருந்துகொண்டே இருந்தது. ஒன்றுக்கு ஐந்து முடிவதற்குள் அடுத்தது வந்துவிடும். ஆகவே ஒவ்வொரு முறையும் ஜீப் கிளம்பும்போது குழந்தையை வைத்துக்கொண்டு சின்னவள் விடுதியில் இருந்துவிடுவாள். இத்தனை பயணங்களில் அவள் பார்த்த ஒரே காட்டு விலங்கு, அவள் கையிலிருந்த பிஸ்கட் பாக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடிய குரங்கு.

[* வேலை செய்யும் இடத்தில் அவளுக்கு ஒரு கனமான கதவு உண்டு. அதைச் சாத்தினால் உள்ளே இருப்பவர் தனியாக நிற்பார், இவள் வெளியே கண்ணாடிக்குப் பின்னால் நிற்பாள். அதைப்பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். "அருமையான படிமம்" என்று ஒருவர் பாராட்டினார். உடனே அடித்துவிட்டேன்.]

4

"நாலு ரூம் சார்" என்றாள் வரவேற்புப் பெண்.

"மூணுதானே புக் பண்ணேன்?"

"நாலாவது தனியா புக் ஆகியிருக்கு சார். மேடம் பேர்ல."

சின்னவள் முன்னே வந்து கையெழுத்துப் போட்டாள். சாவியை வாங்கிக்கொண்டாள். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. அண்ணி அக்காவைப் பார்த்தாள், அக்கா அண்ணியைப் பார்த்தாள். நாத்தனாரும் அண்ணியுமாக அவர்கள் அபூர்வமாக ஒன்றுசேர்ந்த நேரம் அது.

"எதுக்குடி இது?" என்றாள் அக்கா.

"தூங்கறதுக்குத்தான்."

"எங்களோட படுத்தா தூக்கம் வராதா?"

"வராதுக்கா."

அண்ணன் அவளை ஓரமாக இழுத்துப் போனார். குரலைத் தாழ்த்தி, "யாராவது வர்றாங்களா?" என்றார்.

"வந்தா உன்கிட்ட சொல்லிட்டுத்தான் வருவாங்க."

"கிண்டலா? உனக்கு என்னதான் குறை வச்சோம் நாங்க?"

"குறைன்னு நான் எங்க சொன்னேன்? ரூம்னுதானே சொன்னேன்."

அக்காவின் கடைக்குட்டி, மூன்று வயது, அவள் காலைக் கட்டிக்கொண்டது. "சித்தி, என்கூட படுக்க மாட்டியா?"

சின்னவள் குனிந்து அதன் மூக்கைத் துடைத்தாள். "இன்னிக்கு மாட்டேன் கண்ணு" என்றாள்.

5

இங்கேதான் எனக்கும் என் முதல் வாசகருக்கும் சண்டை. அவர் ஒரு பதிப்பகத்தில் பிழைதிருத்துகிறவர். நான் எழுதுவதை அவருக்குக் காட்டாமல் வெளியே விட்டதில்லை.

"எல்லாம் சரி. அந்தம்மாவுக்கு ஏன் தனி ரூம்? காரணமே இல்லையே?"

"தூங்கணும். அதுதான் காரணம்."

"அதெல்லாம் ஒரு காரணமா? படிக்கிறவன் ஒத்துக்க மாட்டான்."

சரி என்று ஒரு காரணத்தைத் தேடிப் போனேன். கீழேயிருந்து ஒருவனை பஸ் ஏற்றி அந்த அறைக்கு வரவழைத்தேன். பழைய சிநேகிதன். வந்தான், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான், "நல்லா இருக்கியா" என்றான். பேச வேறு ஒன்றும் இல்லை. சின்னவள் கொட்டாவி விட்டாள். பாவம், அவனை அடுத்த பஸ்ஸிலேயே திருப்பி அனுப்பிவிட்டேன்.

அடுத்து அவளுக்கு ஒரு நோய் கொடுத்துப் பார்த்தேன். தன் நெஞ்சைத் தானே படமெடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அங்கே ஒரு நிழலைப் பார்க்கிறாள். வீட்டில் யாருக்கும் தெரியாது. இது கடைசிப் பயணம். அழுவதற்குத்தான் தனி அறை. பிழைதிருத்துகிறவர் படித்துவிட்டு, "கண்ணுல தண்ணி வந்துடுச்சு, இதை மாத்தவே மாத்தாதீங்க" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். ஒரு பெண் கதவைச் சாத்திக்கொண்டு ஓர் இரவு தூங்க வேண்டுமென்றால், அவளுக்குச் சாகிற நோய் வந்தால்தான் ஒத்துக்கொள்வீர்களா? அண்ணன் அறை எடுத்தாரே, அவரிடம் யாராவது காரணம் கேட்டீர்களா? அக்காவின் கணவர் எடுத்தாரே, அவர் நெஞ்சில் ஏதாவது நிழல் இருந்ததா? அந்தப் பக்கங்களைக் கிழித்துப் போட்டேன். அவள் நுரையீரல் சுத்தமாக இருக்கிறது. அவள் மனசும் யாரையும் நினைத்து உருகவில்லை. அவளுக்கு அறை வேண்டும், எடுத்துக்கொண்டாள். இதற்குமேல் இந்தக் கதையில் காரணம் கிடைக்காது.

பிழைதிருத்துகிறவர் இப்போது என்னோடு பேசுவதில்லை. இந்தக் கதையில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

6

அவள் ராத்திரிவரை தாக்குப்பிடிப்பாளா என்பது எனக்கே சந்தேகமாக இருந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன், எழுதும்போது என் பேனாவே இரண்டு முறை சாவியை அண்ணியிடம் கொடுக்கப் பார்த்தது. அப்படி எழுதிப் பழகிய கை.

சாப்பாட்டு மேசையில் எல்லோரும் முறை வைத்துக்கொண்டு வந்தார்கள். அண்ணிக்கு முதுகு வலிக்குதாம், அந்த அறைக் கட்டில் மட்டும் கெட்டியாக இருக்கிறதாம். அண்ணன் ஒரு வழி சொன்னார்: "பெரிய பசங்க ரெண்டு பேரும் அங்க படுக்கட்டும். நீ வழக்கம்போல படுத்துக்க. எல்லாருக்கும் வசதி."

"எல்லாருக்கும்னா யாருக்குண்ணா?" என்றாள் சின்னவள்.

அண்ணன் டம்ளரை எடுத்தார். தண்ணீர் குடித்தார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாங்க என்ன வேத்து மனுஷங்களா? வருஷத்துல ஒரு நாள் ஒண்ணா இருக்கத்தானே வர்றோம்?"

இந்தக் கேள்வி சின்னவளைத் தொட்டது. அக்காமேல் அவளுக்கு உயிர். சிறு வயதில் ஒரே போர்வையில் படுத்தவர்கள். கை நீட்டி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தபடியே, "பகல் பூரா உங்களோடதான்கா இருந்தேன். நாளைக்கும் இருப்பேன். தூங்கும்போது மட்டும் நான் இல்லைன்னா என்ன?" என்றாள். பிறகு எழுந்து, எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு, மாடி ஏறிப் போனாள்.

7

இரவு நடந்தது: தாழ்ப்பாள் போட்டாள், விளக்கை அணைத்தாள், தூங்கினாள்.

(இதை இரண்டு பக்கத்துக்கு நீட்ட எனக்குத் தெரியும். ஜன்னல், நிலா, தலையணை ஈரம் எல்லாம் கையிருப்பில் இருக்கிறது. மாட்டேன். தூங்குகிறவர்களைப் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது நாகரிகமில்லை.)

8

விடிவதற்கு முன்பே ஜீப் வந்துவிட்டது. சரணாலயத்துக்கு அந்நேரத்தில் போனால்தான் ஏதாவது கண்ணில் படும். அண்ணன் ஸ்வெட்டரும் குல்லாயுமாக எல்லோரையும் கிளப்பினார். பெரிய பிள்ளைகள் முண்டியடித்து ஏறினார்கள். அப்போதுதான் எல்லோருக்கும் கடைக்குட்டி நினைவு வந்தது. அது அக்காவின் தோளில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தது. "சின்னவகிட்ட விட்டுட்டு வா, சீக்கிரம்" என்றார் அண்ணன். அக்கா மாடி ஏறினாள். நான்காவது அறையின் கதவைத் தட்டினாள். கீழே ஹார்ன் அடித்தது.

கதை இங்கே முடிவைக் கேட்கிறது. நானும் எழுதிப் பார்க்காமல் இல்லை.

சின்னவள் கதவைத் திறந்து குழந்தையை வாங்கிக்கொள்கிறாள். அது அவள் கழுத்தில் முகம் புதைக்கிறது, அவள் சிரிக்கிறாள், உங்களுக்கும் நிம்மதி. 'என்ன இருந்தாலும் அவ மனசு தங்கம்' என்பீர்கள். அடுத்த வருடம் மறுபடி மூன்று அறைகள்தான். இந்த முடிவை நான் எழுத மாட்டேன்.

சின்னவள் திறக்கவில்லை. அக்கா தட்டித் தட்டி அழுகிறாள், ஜீப் போய்விடுகிறது, குடும்பம் இரண்டாகிறது. 'தைரியசாலிதான், ஆனா கல்நெஞ்சு' என்பீர்கள். அந்தப் பழியையும் அவள் தலையில் கட்ட எனக்குச் சம்மதமில்லை.

ஜீப்பில் போனவர்கள் வெறும் புழுதியைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள், சின்னவளின் ஜன்னலுக்குக் கீழே ஒரு மான் கூட்டம் வந்து நிற்கிறது என்றும் ஒரு முடிவு இருக்கிறது. அழகுதான். ஆனால் தூங்கியதற்கு எதற்குப் பரிசு?

இத்தனையிலும் ஒரே கோளாறு. நாம் எல்லோரும் சின்னவளையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். திறப்பாளா, மாட்டாளா, நல்லவளா, கெட்டவளா என்று. அந்தப் பிள்ளைக்கு அப்பா என்று ஒருவர் இருக்கிறாரே, நினைவிருக்கிறதா? ஜீப்பின் முன்சீட்டில் உட்கார்ந்து பைனாகுலர் துடைத்துக்கொண்டிருக்கிறார். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. நீங்களும் கேட்கவில்லை.

அதனால் அவள் என்ன செய்தாள் என்று நான் சொல்லப்போவதில்லை. அவள் தன் பங்குக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டாள், நேற்றே செய்துவிட்டாள். இனி எழுதுவது என் வேலை இல்லை, உங்கள் வேலை. நீங்கள்தான் அக்கா. பிள்ளை உங்கள் தோளில் கனக்கிறது. ஒருமுறை தட்டியாயிற்று, உள்ளே சத்தமில்லை. இரண்டாம் முறை தட்டக் கையைத் தூக்கியிருக்கிறீர்கள். உங்களுக்கும் காட்டைப் பார்க்க ஆசை, அதில் தப்பில்லை. ஜீப் நிற்கும். அண்ணன் கத்தட்டும். மாடிப்படி உங்களுக்குப் பின்னால்தான் இருக்கிறது, முன்சீட்டில் ஒரு மடி காலியாக இருக்கிறது, இறங்கிப் பிள்ளையோடு இருந்துகொள்ள.

இறங்குவதானால் செருப்புச் சத்தம் கேட்காமல் இறங்குங்கள். உள்ளே ஒருத்தி தூங்குகிறாள்.